மட்டனா, குஸ்காவா: போக்கர் போட்டியில் பரிசைப் பிரிக்கும் விதம் ஆட்டத்தை மாற்றும் கதை

சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் எட்டுப் பேர் கூடி போக்கர் ஆடுவோம். பணம் கிடையாது. ஆளுக்கு 1,500 பிளாஸ்டிக் சிப், பந்தயம் பிரியாணி. ஆரம்பத்தில் ஒரே ஒரு விதிதான் இருந்தது: முதலில் சிப் தீர்ந்து வெளியேறுகிறவர் எல்லாருக்கும் பிரியாணி வாங்க வேண்டும். நல்ல விதி என்றுதான் நினைத்தோம். ஆனால் அந்த முதல் ஆள் விழும்வரை ஒருவரும் துணிந்து சிப்பை வைக்கவில்லை. ராணி ஜோடி போன்ற நல்ல கையை வைத்துக்கொண்டு ஒருவன் மடக்கிப் போட்டதை, அதாவது அந்தக் கையை ஆடாமலே விலகியதை, என் கண்ணால் பார்த்தேன். ஒருமுறை ஒன்றேகால் மணி நேரம் இப்படியே ஓடியது. யாரோ ஒருவன் விழுந்ததும் மீதி ஏழு பேரும் சீட்டைப் பார்க்காமலே ஆல்-இன் போட்டு, அதாவது மொத்தச் சிப்பையும் ஒரே அடியாக வைத்து, இருபது நிமிடத்தில் கடையைச் சாத்திவிட்டோம்.

அப்புறம் விதியை மாற்றினோம். ஜெயிக்கிறவருக்கு மட்டும் இலவசம் என்றதும் முதல் கையிலேயே மூன்று பேர் ஆல்-இன். கடைசியில் மிஞ்சும் மூன்று பேருக்கும் இலவசம் என்று வைத்துப் பார்த்தோம். நான்கு பேர் மிஞ்சியதும் மேசை உறைந்துபோனது. இப்போது முதலிடத்துக்கு மட்டன், இரண்டாமிடத்துக்குச் சிக்கன், மூன்றாமிடத்துக்குக் குஸ்கா.

ஆட்கள் அதே எட்டுப் பேர், சீட்டுக்கட்டும் அதேதான். ஆட்டம் மட்டும் நான்கு விதமாக மாறியது. எந்த விதியில் எப்படி ஆடுவது, தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தது அங்கேதான். (இணையத்தில் பணம் வைத்து ஆடுவதை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. இங்கே நான் பேசுவது கணக்கை. பணம் வைத்து ஆடுங்கள் என்று சொல்லவில்லை.)

முதலில் அடிப்படை. பணம் வைத்து ஆடும் சாதாரண மேசையில் நூறு ரூபாய் சிப் என்றால் நூறு ரூபாய்தான். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய் மாற்றிக்கொள்ளலாம். போட்டியில் அப்படியில்லை. கடைசியில் எல்லாச் சிப்பும் ஒருவர் முன்னால் குவிந்திருக்கும். ஆனால் பரிசுத் தொகையில் அவருக்குப் பாதிதான் போகும் என்று வைத்துக்கொள்வோம். மீதிப் பாதி யாருக்கு? கையில் ஒரு சிப்கூட இல்லாமல் எழுந்து போனவர்களுக்கு. அதாவது சிப்பை எல்லாம் ஜெயித்தவர், அந்தச் சிப்புக்கு உரிய பணத்தில் ஒரு பங்கைத் தோற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறார். அதனால்தான் போட்டியில் ஜெயிக்கிற சிப்பைவிட இழக்கிற சிப்புக்கு விலை அதிகம். எவ்வளவு அதிகம் என்பதைப் பரிசுப் பட்டியல் சொல்லும்.

இதைக் கணக்கிடும் முறைக்கு ஐசிஎம் என்று பெயர். 1973-இல் டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியலாளர் குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை இரண்டாவது வரும், எது மூன்றாவது வரும் என்று கணிக்க ஒரு சூத்திரம் எழுதினார். 1980-களில் மேசன் மால்முத் என்ற ஆட்டக்காரர் அதே வழியில் போக்கர் சிப்புக்குக் கணக்குப் போட்டார். உங்களிடம் மொத்தச் சிப்பில் எத்தனை பங்கு இருக்கிறதோ, அதுதான் நீங்கள் முதலிடம் பெறும் வாய்ப்பு. முதலிடம் வேறொருவருக்குப் போனால் அவருடைய சிப்பை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் உங்கள் பங்கைப் பார்த்தால் இரண்டாமிடத்துக்கான வாய்ப்பு. இப்படியே கீழே இறங்க வேண்டும்.

ஒரே ஒரு கையை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் மிச்சம். ஆளுக்கு 2,500 சிப். பிளைண்டை (சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே முறை வைத்துக் கட்டாயமாக வைக்கும் சிப்பை) கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒருவர் சீட்டைப் பார்க்காமலே ஆல்-இன் தள்ளுகிறார், நடுவில் இருந்தவர்கள் மடக்கிவிட்டார்கள். உங்கள் கையில் ஒன்பது ஜோடி. கண்ணை மூடித் தள்ளியவருக்கு எதிராக ஒன்பது ஜோடி 100-க்கு 72 தடவை ஜெயிக்கும். கால் செய்வதா (அவர் வைத்த அளவுக்கு நீங்களும் சிப் வைத்து மோதுவதா), மடக்குவதா?

ஜெயிப்பவருக்கே எல்லாம் என்றால் ஜெயிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் இருந்தால் போதும், யோசிக்கவே வேண்டாம். பரிசு முதல் மூன்று இடத்துக்கு 70-20-10 சதவீதம் என்று பிரிந்தால் 58 வேண்டும். 50-30-20 என்றால் 65. இதுவரைக்கும் கால் செய்யலாம். 40-33-27 என்று தட்டையாக்கினால் 70. ஒன்பது ஜோடி மயிரிழையில் தப்புகிறது. முதல் மூன்று பேருக்கும் ஒரே பரிசு என்றால் 75 வேண்டும். மடக்க வேண்டியதுதான்.

50-30-20-க்கு 65 எப்படி வந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இப்போது நால்வருக்கும் சமமான சிப், ஆகவே ஆளுக்குப் பரிசுத் தொகையில் 25 சதவீதம். கால் செய்து ஜெயித்தால் உங்கள் சிப் இரண்டு மடங்காகும். ஆனால் உங்கள் பங்கு 50 ஆகாது, 38.3 தான் ஆகும். தோற்றால் பூஜ்யம். 25-ஐ 38.3-ஆல் வகுத்தால் 65.

நிஜத்தில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவதில்லை. ஐந்து கைக்கு ஒரு கை என்று பொறுக்கித் தள்ளுகிறவருக்கு எதிரே அதே ஒன்பது ஜோடியின் வெற்றி வாய்ப்பு 60-க்குக் கீழே இறங்கிவிடும். அப்போது 50-30-20-இலும் மடக்க வேண்டும். ஜெயிப்பவருக்கே எல்லாம் என்ற ஆட்டத்தில் அப்போதும் கால்தான்.

இந்தக் கணக்கை எங்கள் முதல் பிரியாணி விதிக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டுப் பேரில் ஒருவருக்கு மட்டும் தண்டனை என்றால், ஏழு பேருக்கு ஒரே பரிசு என்று அர்த்தம். சும்மா உட்கார்ந்திருந்தாலே தப்பிக்கும் வாய்ப்பு எட்டில் ஏழு, அதாவது 87.5 சதவீதம். சீட்டிலேயே உசத்தியான ஏஸ் ஜோடி கண்மூடித் தள்ளியவனுக்கு எதிரே 85 தான் தேறும். ஆகவே ஆரம்பத்தில் மொத்தச் சிப்பையும் வைக்கச் சொன்னால் ஏஸ் ஜோடியையே மடக்குவதுதான் சரி! ராணி ஜோடியை மடக்கியவனை அன்றைக்கு ‘பயந்தாங்கொள்ளி’ என்று கேலி செய்தோம். அந்த மேசையில் சரியாக ஆடியவன் அவன் ஒருவன்தான்.

இரண்டாவது விதியில் நாங்கள் செய்தது இதற்கு நேர்மாறான தப்பு. ஜெயிப்பவருக்கே எல்லாம் என்றதும் கண்டபடி அடிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டோம். அந்த ஏற்பாட்டில் சிப்புக்குச் சிப் சமம், அவ்வளவுதான். மோசமான கையோடு மொத்தச் சிப்பையும் வைப்பது அங்கேயும் மோசம்தான்.

இதுவரை எல்லாருக்கும் சமமான சிப் என்று வைத்துப் பேசினோம். உண்மையான மேசையில் அப்படி இருக்காது, சுவாரசியமும் அங்கேதான் இருக்கிறது. நால்வரிடம் 4,000, 3,000, 2,000, 1,000 சிப் இருக்கிறது; பரிசு 50-30-20. நான்காவதாகப் போகிறவருக்கு ஒன்றும் இல்லை. முதலாமவர் ஆல்-இன் தள்ளினால், அதைக் கால் செய்ய இரண்டாமவருக்கு 73 சதவீதம் வாய்ப்பு வேண்டும். அதே தள்ளலைக் கடைசி ஆள் கால் செய்ய 61 போதும். இரண்டாமவர் தள்ளி முதலாமவர் கால் செய்வதென்றால் 63.

இந்த எண்களைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. சிப் குறைவாக உள்ளவர்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன். மேசையில் கை கட்டப்பட்டவர் இரண்டாமவர். அவருக்குக் கீழே 1,000 சிப்போடு ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். அவர் போகும்வரை காத்திருந்தால் பரிசு நிச்சயம். முதலாமவருக்கு இது தெரியும். ஆகவே இரண்டாமவர் முன்னால் அடிக்கடி சிப்பைத் தள்ளிக்கொண்டே இருப்பார். பரிசுக்கு ஒரு ஆள் மட்டும் அதிகமாக இருக்கும் இந்தக் கட்டத்துக்கு பப்பிள் என்று பெயர். நிறைய சிப் வைத்திருப்பவர் அந்தச் சமயத்தில் அவசரமே படமாட்டார். கடைசி ஆள் உயிரோடு இருப்பதே அவருக்கு லாபம்.

பெரிய போட்டிகள் எந்தப் பக்கம் போயிருக்கின்றன என்று பார்க்கலாம். லாஸ் வேகஸில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் முக்கியப் போட்டியில் 1977-இல் 34 பேர், ஆளுக்கு 10,000 டாலர். டாயில் பிரன்சன் ஜெயித்து 3,40,000 டாலரையும் அள்ளிக்கொண்டார். இரண்டாமவருக்கு ஒன்றும் இல்லை. மறு வருஷம் 42 பேர், ஆனால் பரிசு முதல் ஐந்து இடத்துக்கு. ஜெயித்த பாபி பால்ட்வினுக்குக் கிடைத்தது 2,10,000 டாலர், சரியாகப் பாதி.

இன்றைக்கு அதே போட்டியில் நுழைவுக் கட்டணம் மாறவில்லை, கூட்டம்தான் பத்தாயிரத்தைத் தொடுகிறது. 2023-இல் 10,043 பேர், 2024-இல் 10,112 பேர். கூட்டமும் மொத்தப் பரிசும் 2024-இல் கொஞ்சம் கூடின. ஆனால் முதல் பரிசு 1 கோடியே 21 லட்சம் டாலரிலிருந்து 1 கோடிக்கு இறங்கியது. இரண்டாம் பரிசு 65 லட்சத்திலிருந்து 60 லட்சம். ஒன்பதாமிடத்துக்கு 9 லட்சமாக இருந்தது 10 லட்சமானது. உச்சியில் வெட்டி அடியில் போட்டிருக்கிறார்கள். விளம்பரத்துக்கு இது தோது: கடைசி மேசையில் உட்காரும் ஒன்பது பேரும் மில்லியனர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இங்கே பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. 2024-இல் கடைசி இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தபோது நடுவில் இருந்தது 40 லட்சம் டாலர். ‘அவ்வளவு பணம் தொங்குகிறதே, பயந்து பயந்துதான் ஆட வேண்டும்’ என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இரண்டே பேர் மிஞ்சினால் 60 லட்சம் இருவருக்கும் உறுதி. மிச்சம் 40 லட்சத்துக்கு அது ஜெயிப்பவருக்கே எல்லாம் என்ற ஆட்டம்தான். 50 சதவீதத்துக்கு மேலே ஒரு சிட்டிகை இருந்தாலும் கால் செய்யலாம். பயப்பட வேண்டிய இடம் ஐந்தாறு பேர் மிச்சம் இருக்கும்போது. இரண்டு பேர் ஆனதும் கணக்கில் பயம் முடிந்துவிடுகிறது. கை நடுக்கம் வேறு விஷயம்.

பரிசு பெறுவோர் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். அந்தப் போட்டியில் இப்போது ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குப் பரிசு. குறைந்தபட்சம் 15,000 டாலர். நூறில் 85 பேர் 10,000 டாலரைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள். பரிசு வாங்கியவர்களிலும் பலர் நாள்கணக்கில் உட்கார்ந்து போட்டதைவிட 5,000 அதிகம் எடுத்துப் போகிறார்கள். ‘பரிசு வாங்கினேன்’ என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ள அது ஆகும். வருஷம் பூராவும் தோற்ற மற்றப் போட்டிகளின் கட்டணத்தை அது ஈடுகட்டாது.

சாட்டிலைட் என்பது இதற்கு எதிர்க்கோடி. சின்னக் கட்டணப் போட்டி; பரிசாகப் பெரிய போட்டிக்கு நுழைவுச்சீட்டு. பத்து சீட்டு என்றால் பத்துப் பேருக்கும் ஒரே சீட்டுதான். முதலாவது வந்தவருக்குக் கூடுதலாக ஒன்றும் கிடையாது. பத்து இடத்துக்குப் பதினொரு பேர் மிச்சம், உங்களிடம் சராசரிக்கு மேலே சிப் இருக்கிறது, சும்மா உட்கார்ந்தாலே இடம் கிடைக்க 95 சதவீதம் வாய்ப்பு என்றால், ஏஸ் ஜோடி வந்தாலும் மடக்க வேண்டும். புதிதாக ஆடுகிறவர்களுக்கு இதை ஒத்துக்கொள்ள மனசே வராது. எங்கள் மூன்றாவது பிரியாணி விதியில் மேசை உறைந்ததும் இதனால்தான்.

2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் 86 டாலர் சாட்டிலைட் வழியாக உள்ளே வந்து, 839 பேரைக் கொண்ட முக்கியப் போட்டியை ஜெயித்து 25 லட்சம் டாலர் வாங்கியது போக்கர் ஆடுகிற எல்லாருக்கும் தெரியும். அவருக்கு இடம் வாங்கித் தந்த கடைசிக் கட்டச் சாட்டிலைட்டின் பரிசுப் பட்டியலைத்தான் பலர் கவனிப்பதில்லை. முதல் மூன்று பேருக்கு நுழைவுச்சீட்டு, நான்காவது ஆளுக்கு 8,000 டாலர் ரொக்கம். மணிமேக்கருக்கோ பணமுடை. சீட்டை விற்க முடியாது, ரொக்கத்தைச் செலவழிக்கலாம். ஆகவே நன்றாக முன்னணியில் இருந்துகொண்டே நான்காவதாக வர முயன்றதாக அவரே சொல்லியிருக்கிறார். ஒரு நண்பர் பேசித்தான் மனசை மாற்றினார். பட்டியலில் காகித மதிப்பு ஒன்று, ஆடுகிறவரின் சட்டைப்பைக்கு அதன் மதிப்பு வேறு. ஐசிஎம் இதையெல்லாம் பார்க்காது. யார் நன்றாக ஆடுகிறார், அடுத்த பிளைண்ட் யாருக்கு, யாருக்கு வீட்டுக்கடன் என்பதெல்லாம் அந்தச் சூத்திரத்தில் இல்லை.

தலைக்கு விலை வைக்கும் பவுன்டி போட்டி இன்னொரு வகை. ஒருவரை வெளியேற்றினால் அந்த இடத்திலேயே உங்களுக்குப் பணம். பத்துப் பேர், ஆளுக்கு 1,000. அதில் 500 பரிசுக்கு, 500 அவரவர் தலைக்கு என்று வைத்துக்கொள்வோம். முன்பு பார்த்த அதே நால்வர், அதே 50-30-20. கால் செய்து ஜெயித்தால் பரிசுப் பங்கு ஏறுவதோடு 500-ம் கையில் வருகிறது. மேற்கொண்டு விழக்கூடிய தலைகளைச் சேர்க்காமலே 65 ஆக இருந்த தேவை 52-க்கு இறங்கிவிடுகிறது. ஏறக்குறைய ஜெயிப்பவருக்கே எல்லாம் என்ற அளவு. ஆனால் இது உங்களிடம் உள்ள அளவோ அதற்குக் குறைவாகவோ சிப் வைத்திருப்பவருக்கு எதிராக மட்டும்தான். உங்களைவிட அதிகச் சிப் வைத்திருப்பவரைத் தோற்கடித்தாலும் அவர் மேசையில்தான் இருப்பார், தலைப்பணம் வராது. பலர் இதை மறந்துவிட்டு எல்லாரோடும் மோதுகிறார்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? மேசையில் உள்ள மற்றவர்களைவிட நீங்கள் தெளிவாகத் தேர்ந்தவர், மாதக்கணக்கில் தோற்றாலும் தாங்க முடியும் என்றால் உச்சியில் கனத்த பட்டியல்தான் உங்களுக்கு. உங்கள் திறமைக்கு விலை கிடைக்கிற இடம் முதல் மூன்று இடங்கள். எப்போதோ ஒரு தடவை போகிறவருக்கு நான் தட்டையான பட்டியலைச் சொல்வேன், அதிகம் ஜெயிக்கலாம் என்பதற்காக இல்லை, கொடுத்த காசுக்கு நிறைய நேரம் உட்காரலாம் என்பதற்காக. பொறுமை மட்டும் உண்டு, நுணுக்கம் இல்லை என்றால் சாட்டிலைட். அங்கே மடக்கத் தெரிந்தவன் பாதி ஜெயித்த மாதிரி. பவுன்டி எனக்குப் பிடிக்கும். ஆனால் அது கணக்கைவிட உற்சாகத்துக்குத்தான் என்று ஒத்துக்கொள்கிறேன்.

கடைசி மேசையில் இன்னொரு தேர்வும் வரும்: ஆடி முடிப்பதா, பேசிப் பிரித்துக்கொள்வதா? பரிசு 5,000, 3,000, 2,000. மூவரிடம் சிப் 60, 30, 10 சதவீதம் என்று வையுங்கள். சிப் கணக்கில் பிரித்தால், மூன்றாம் பரிசான 2,000-ஐ ஆளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சம் 4,000-ஐச் சிப் விகிதத்தில் பங்கிடுவார்கள்: 4,400, 3,200, 2,400. ஐசிஎம் படி 4,124, 3,383, 2,493. நிறைய சிப் வைத்திருப்பவர் ‘சிப்புப்படி பிரிப்போம்’ என்று பெருந்தன்மையாகச் சொல்லும்போது, அந்தப் பெருந்தன்மையில் அவருக்கு 276 லாபம். அதில் பெரும்பங்கு நடுவில் இருப்பவர் பையிலிருந்து போகிறது. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 3,333. முன்னணியில் இருப்பவர் அதற்கு ஒத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

போன சனிக்கிழமை எங்கள் மேசையில் அதே நிலைமை. 7,200, 3,600, என்னிடம் 1,200. ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. மட்டன், சிக்கன், குஸ்கா மூன்று பொட்டலமும் வந்து மேசை ஓரத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. என் பங்கு குஸ்காவும் அதற்கு மேல் இரண்டு துண்டுச் சிக்கனும்தான் என்று மனசுக்குள் ஐசிஎம் போட்டு வைத்திருந்தேன். 7,200 வைத்திருந்தவன் சீட்டைக் கீழே போட்டான். “போதும்டா, பசி தாங்கல. எல்லாத்தையும் ஒரே தாம்பாளத்துல கொட்டுங்க” என்றான். அவன் மனசு மாறுவதற்குள் தாம்பாளம் எடுத்துவர எழுந்து ஓடினேன்.